தெரிந்த எச்சரிக்கை மீண்டும் வராமல் இருக்க...

டெபியன் லினக்ஸை உங்கள் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறீர்களா? டெபியனின் ஒவ்வொரு பதிப்பிற்கும் முதல் 3 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பின்னர் எல்.டி.எஸ். என்ற நீட்டிப்பின் மூலம் 5 ஆண்டுகள் முடியும் வரை கிடைக்கும். ஆனால் எல்லா புரோகிராம்களுக்கும் இது பொருந்தாது. சிலவற்றிற்கு இடையிலேயே நின்றுவிடும்.

உங்களிடம் உள்ளவற்றில் அப்படிப்பட்டவை எவை? இதைச் சொல்வதற்கென்றே 'டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்' என்ற பேக்கேஜ் உள்ளது. இதை இன்ஸ்டால் செய்தபின் டெர்மினலைத் திறந்து, 'செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடையில் ஹைபன் இட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

பட்டியலில் 'எண்டட்' என்று வந்தால் அந்த புரோகிராமிற்கு இனி திருத்தம் வராது. அதை நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாறுவதே நல்லது. 'லிமிடெட்' என்று வந்தால் ஆதரவு ஓரளவுக்கு மட்டுமே. எடுத்துக்காட்டாக, புரோகிராம் எழுதுவோருக்கான 'பின்யூட்டில்ஸ்' பேக்கேஜ். நம்பகமான பைல்களை மட்டும் இதில் கையாள வேண்டும் என்பதே எச்சரிக்கை. சி மொழி கம்பைலரான ஜி.சி.சி.க்கு இது தேவை என்பதால் நீக்கவும் முடியாது.

இப்படித் தெரிந்தே வைத்திருக்கும் ஒன்றுக்காக தினமும் எச்சரிக்கை வந்தால் எரிச்சல்தானே? கட்டளையுடன் 'ஸ்டேட்டஸ்-டிபி' என்ற ஆப்ஷனை, முன்னால் இரண்டு ஹைபன் இட்டு, ஒரு பைல் பெயருடன் தரலாம். ஏற்கனவே சொன்ன எச்சரிக்கைகளை அந்த பைலில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை புதியதை மட்டும் காட்டும். தொல்லை என்று பேக்கேஜையே நீக்கிவிடாதீர்கள். நாளை வரும் புதிய எச்சரிக்கையும் அதோடு போய்விடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எச்சரிக்கை நின்றதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. எனவே மாதம் ஒருமுறை ஆப்ஷன் எதுவும் இன்றி கட்டளையை இயக்கி முழுப் பட்டியலையும் பாருங்கள். இப்பட்டியல் அந்த பேக்கேஜிற்குள்ளேயே இருப்பதால் அதையும் அப்டேட் செய்து வாருங்கள். பழைய பட்டியலைக் கேட்டால் பழைய பதில்தான் கிடைக்கும்.