கிணத்துத் தண்ணியைக் குடிச்சுக் காட்டு, தம்பி!

வாங்க, சத்தம் போடாம மேல ஏறுவம். கல்முனைப் பிரதான வீதியில், புடவைக் கடைக்குப் பக்கத்தால் போகிற ஒடுக்கமான படி. செருப்பைக் கீழேயே கழற்றி விடுங்க, மேலே கால் வைக்க இடமில்லை. பேஸ்புக்கில் நீங்களும் நானும் பார்த்து ஏங்குகிற ‘வீடு விற்பனைக்கு’ வீடியோக்கள் பிறக்கிற அறை இதுதான். இதற்குள் நுழைய எனக்கு எத்தனை நாள் ஆசை!

சுவரோரம் சுருட்டி நிறுத்திய நில அளவைப் படங்கள். பிளக்கெல்லாம் சார்ஜர். நூறடி டேப், பாதி குடித்த பிளேன்டிக் கோப்பைகள், மேசைக்கடியில் யாருடையதோ கிரிக்கெட் மட்டை. மூலையில் ஹெட்போன் மாட்டிய பொடியன் ஒருவன் ஆட்டுச் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறான். நிந்தவூரில் எடுத்த வளவு வீடியோவாம். உரிமையாளர் ‘நல்ல அமைதியான இடம்’ என்று வாய் திறக்கும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தியிருக்கிறது. “காக்கா, ஆட்ட வெட்டினா ஹாஜியாரும் சேர்ந்து வெட்டுப்படுறாரே!” என்கிறான். அறையே சிரிப்பில் குலுங்குகிறது.

அந்தக் காக்காதான் இந்தத் தொழிலை நடத்துகிற இளைஞர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கல்யாணப் பேச்சு நடக்குதாம், மாமிமார் படித்துவிடுவார்களாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு, ஊர்ப் பொடியன்கள் பலர் போகிற வழியில் கட்டார் போனவர். தோஹாவில், வாடகை வீடுகளுக்கான இணையத்தளம் ஒன்றில் படம் ஏற்றுகிற வேலை. அறைத் தோழர்கள் சும்மா விடுவார்களா? “தம்பி, சாய்ந்தமருதில ஒரு பத்துப் பேர்ச் வருதாம், உண்மையா பொய்யா பாரு” என்று ஓயாத கேள்வி. வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வட்ஸ்அப்பில் வந்த ஒற்றை மங்கல் படத்தை நம்பி, பல வருடச் சம்பளத்தை முடிவு செய்தார்களாம். அந்தச் சட்டியடியில்தான் இவருக்கு ஊர் திரும்பி இந்தத் தொழிலைத் தொடங்கும் எண்ணம் வந்திருக்கிறது.

காணி, வீட்டு விளம்பரத் தளங்கள் இலங்கைக்குப் புதிதில்லை. லங்காப்ரொப்பர்ட்டிவெப் 2007இலும் இக்மன் 2012இலும் வந்துவிட்டன. 2014இல் தொடங்கிய பெங்களூர் நோபுரோக்கர், தரகரே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே 2021இல் நூறு கோடி டொலர் மதிப்பைத் தொட்டது. இவரும் முதலில் அந்த வழியில்தான் போகப் பார்த்தாராம். “எங்க ராத்தா நடக்கும்? இங்க தரகர் எண்டா என்ட சாச்சா, இல்லாட்டி வாங்குறவர்ட மாமா!” கடைசியில் தரகர்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். எந்த வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த வளவு அடுத்த மாதம் விலைக்கு வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்.

சரி, த்ரீவீலில் ஏறுங்க. சாய்ந்தமருதில் படப்பிடிப்பு!

கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற கரை இது. 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். இங்கே எட்டுப் பேர்ச்சுக்குள் வீடு, கிணறு, தென்னை, நாளைய மேல்மாடிக்காக நீட்டி விட்ட கம்பிகள் எல்லாம் நிற்கின்றன. ட்ரோன் கிடையாது. பொடியன் பக்கத்து வீட்டுச் சிலப்பில் ஏறி, அலுமினியக் கம்பின் நுனியில் போனைக் கட்டி நீட்டுகிறான். இன்னொருவன் பின்னால் நின்று அவன் சேர்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான். வெயிலில் இரண்டு பேரும் தெப்பமாக நனைந்துவிட்டார்கள். நீங்கள் போனில் பார்க்கிற அந்தப் ‘பறவைப் பார்வை’ இப்படித்தான் வருகிறது!

வீட்டு உம்மா படத்தில் வரமாட்டார். ஆனால் டைரக்டர் அவர்தான். “அந்தக் கொடியக் கழட்டு மவன்.” “குசினியக் காட்டாத, செவரெல்லாம் கரி.” எல்லாரும் அவர் சொல்கேட்டு ஓடுகிறார்கள், ஏனென்றால் உறுதி அவர் பெயரில். நம்ம கரை வழக்கம் தெரியுந்தானே: மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு மகளுக்குப் போகும், பெற்றோர் பக்கத்திலேயே இன்னொன்று கட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டுமானச் சுமை எத்தனை வாப்பாமாரைப் பாலைவனத்துக்கு அனுப்பியது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் கையெழுத்து உம்மாவுடையது என்பதில் எனக்கு ஒரு பூரிப்பு. விற்க வருகிறவர்களுக்காக நம்ம தம்பி வைத்திருக்கிற படிவத்தில் முதல் கேள்வியே ‘உறுதி யார் பெயரில்? அவரோடு பேசியாச்சா?’ என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, ‘சுனாமித் தண்ணி எதுவரைக்கும் வந்தது?’ 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊரில் அதைக் கேட்காமல் யார் வீடு வாங்குவார்? உம்மா ஜன்னலுக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். அதையும் அப்படியே படம் எடுத்தார்கள். மறைத்து விற்க மாட்டோம் என்று அவர்கள் வைத்திருக்கிற உறுதிப்பாட்டுக்கு ஒரு சலாம்.

இப்போ கிணற்றடி. இதை உங்களுக்குக் காட்டத்தான் துடித்தேன்! கடலோர வளவு வாங்குகிறவரின் பெரிய பயம் உப்புத் தண்ணி. தம்பி வாளியை இறக்கி, பிஸ்மி சொல்லி, கமெராவைப் பார்த்தபடி ஒரு வாய் குடிக்கிறார். முகம் சுளித்தால் சுளித்ததுதான், திரும்ப எடுப்பதில்லை. இன்று சிரித்தார். சுவரோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அஸர் முடிந்து மாடியறையில் உறுதிக் கடதாசிகள் விரிகின்றன. நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்த சாச்சா பூதக்கண்ணாடியோடு குந்தியிருக்கிறார். அறுதி உறுதி ஒரு பக்கம், நன்கொடை உறுதி ஒரு பக்கம். ஒரு கடதாசியில் விரல் நின்றது. “இது பேர்மிட் காணி மவன், வீடியோவ இறக்கு.” 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க ஏலாது. ஆட்டோடு போராடிய பொடியன் தலையில் கை வைத்துவிட்டான். அதே நிந்தவூர் வளவு! தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, அழித்துவிட்டு அவனுக்கொரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார்.

உண்மையான கூத்து இரவில்தான். தோஹா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், ஆகவே வீடு வாங்குகிறவர் அங்கே வேலை முடிந்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. திரையில் மூன்று பெட்டி: தோஹாவில் கணவர், மருதமுனையில் மனைவி, நடுவில் கொட்டாவியை விழுங்கும் நம்ம தம்பி. கணவர் ஹோலின் அகலத்தையும் வாகனம் நுழையுமா என்பதையும் கேட்டுக்கொண்டே போகிறார். மனைவி கடைசி வரைக்கும் பேசவில்லை.

“ராத்தா, உங்களுக்கு ஒண்டும் கேக்க இல்லியா?”

“உம்மாட வீட்டுக்கு நடக்கிற தூரமா தம்பி?”

கணவரும் வாயடைத்துப்போனார். “காலைல நடந்து பார்த்துச் சொல்றன் ராத்தா” என்று போனை வைத்த தம்பி, லேப்டொப்பை இழுத்து, படிவத்தின் அடியில் புதிய கேள்வி ஒன்றைத் தட்டிச் சேர்க்கிறார்: ‘உம்மா வீட்டுக்கு நடையில் எத்தனை நிமிசம்?’