பரிசல் எப்போ ஓடும்?

பள்ளிபாளையம் பாலத்து மேல நிக்கிறேன். கீழ காவிரி, எதுத்தாப்புல ஈரோடு. பருவநிலை மாறுனா சுற்றுலா என்னாகும்ங்கிறதை இந்த ஆத்தை வெச்சே சொல்லிடலாம்.

2024-ஐ எடுத்துக்கங்க. ஏப்ரல்ல ஈரோட்டுல வெயில் 42 டிகிரியைத் தாண்டுச்சு. ஒகேனக்கல்ல அருவி கொட்டுற எடத்துல பாறைதான் தெரிஞ்சுது. மேட்டூர்ல தண்ணி பத்தாம, ஜூன் 12-ந் தேதி டெல்டாவுக்கு அணையைத் திறக்க முடியல.

ஏழே வாரம். ஜூலை 30-ந் தேதி அதே அணை 120 அடி நெறஞ்சு நிக்குது! அப்புறம் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்துவிட்டாங்க. இங்க ஆத்தோரத் தெருவுல தண்ணி பூந்துருச்சு. ஆடி 18 அன்னைக்கு, புதுத் தாலிக்கயிறு மாத்த வர்ற நாள்ல, ஆத்துல எறங்கத் தடை. ஒகேனக்கல்ல பரிசலுக்கும் தடை, வாரக்கணக்குல.

அதே ஜூலை 30 விடியக்காலைலதான் வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை மண்ணோட போச்சு. அந்த மண்சரிவுத் தண்ணி மேக்க சாலியாத்துக்குப் போயிருச்சு. ஆனா வயநாட்டுல பெய்யுற மழையில பெரும்பங்கு கபினி வழியா நமக்குத்தான் வருது. அன்னைக்குப் பெஞ்ச மழையைப் பருவநிலை மாற்றம் சுமார் 10 சதவீதம் கூட்டியிருக்குன்னு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டாங்க. காத்து ஒரு டிகிரி சூடானா, 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும். அதனால மழை பெய்யுற நாள்ல கொட்டித் தீர்த்துடுது.

பரிசல்ங்கிறது மூங்கில் பிளாச்சுல பின்னுன கூடைங்க. அதுக்குத் தண்ணி கொறஞ்சாலும் ஆகாது, கூடுனாலும் ஆகாது. கோடையில தடம் சுருங்குது, ஆடியில தடை. ஒரே துடுப்பை நம்பி இருக்கிற குடும்பம் ஒரே வருசத்துல ரெண்டு தடவை அடி வாங்குது. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது.

பருவநிலை மாறுறதுல நம்ம பங்கும் இருக்கு. வெயில் தாங்காம ஊட்டிக்குக் காரை எடுக்கிறோம். 2024 ஏப்ரல்ல ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டுச்சு, மே மாசம் நீதிமன்றம் சொல்லி அங்க போற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு. உலகம் விடுற பசுமைக்குடில் வாயுவுல சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால வருது. அதுக்காகப் போகாதீங்கன்னு சொல்லலைங்க. நாலு பேரு நாலு கார்ல போறதுக்குப் பதிலா பஸ்ஸுல போங்க.

ஒகேனக்கல் கெளம்பறதுக்கு முன்னாடி பிலிகுண்டுலுல எத்தனை கன அடி வருதுன்னு செய்தியில பாருங்க. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுறப்ப தண்ணியை அளக்கிற எடம் அது. போன பொறகு தடைன்னு தெரிஞ்சா உடனே வண்டியைத் திருப்பாதீங்க. கரையில மீன் வறுக்கிறவங்ககிட்ட வாங்கிச் சாப்பிடுங்க, எண்ணெய் தேச்சுவிடறவங்ககிட்ட ஒரு தடவை உக்காருங்க. பரிசல் நின்னா அவங்க பொழப்பும்தான் நிக்குது.