படித்த ஆண்டுகள் பி.ஆர். ஆகாது

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் பெற்றோர் பலர், "நாலு வருஷம் படிச்சா பி.ஆர். தானா வந்துடும்" என்றே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் இ.பி.எஃப். சேமிப்பில் கைவைக்கிறார்கள், வீட்டை அடகு வைக்கிறார்கள். படித்த ஆண்டுகள் தாமாக பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) ஆகாது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு கல்வி ஆண்டுகள் படித்ததற்குக் கிடைப்பது 5 புள்ளிகள். திறன் அடிப்படையிலான பி.ஆர். விசாவுக்குக் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். அவை இருந்தாலும் அழைப்பு வரும் என்ற உறுதி இல்லை. வயது 45-க்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். படித்த தொழில் அந்நாட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். பொறியாளர் என்றால் 'எஞ்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா' தகுதியை மதிப்பிட்டு ஏற்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே படிப்பை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பி.ஆர். நிச்சயம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். அந்த உறுதியைத் தர யாருக்கும் அதிகாரம் இல்லை.

பலர் கோட்டை விடுவது பட்டதாரிகளுக்கான 485 தற்காலிக விசாவில். படிப்பு முடிந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாடங்கள் அனைத்திலும் தேறியதாகப் பல்கலைக்கழகம் அறிவிக்கும் நாளிலிருந்தே இந்தக் கெடு ஓடத் தொடங்குகிறது. பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். 2024 ஜூலை முதல் பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35. படிக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் விசாவே பறிபோகலாம்.

அடுத்து, பத்திரங்கள். தோட்டக் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அன்று தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்த அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். எஸ்.பி.எம். சான்றிதழையும் சேர்த்து மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் அசல் பத்திரங்களோடு ஆயர் குரோவில் உள்ள தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். "பிறகு வா" என்று முகப்பில் விரட்டினால், என்ன பத்திரம் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மலாயில் உள்ள பிறப்புப் பத்திரத்தை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்குங்கள். நன்னடத்தைச் சான்றிதழுக்கு ஊர்ப் போலீஸ் நிலையத்தில் காத்திருக்காதீர்கள். அதை வழங்குவது வெளியுறவு அமைச்சான வீஸ்மா புத்ரா, இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் விமானம் ஏறும் முன்பே முடியுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டு பி.ஆர். பெற்றால் மலேசியக் குடியுரிமை போய்விடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றால், மலேசிய அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவின்படி அரசாங்கம் மலேசியக் குடியுரிமையைப் பறிக்கலாம். குடியுரிமையைத் துறக்கும் 'பாரம் கே'-யில் யார் சொன்னாலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீண்டும் சொல்கிறேன், படித்த ஆண்டுகள் பி.ஆர். ஆகாது. பிள்ளையின் படிப்பு முடியும் தேதியையும் அதிலிருந்து 6 மாதக் கெடுவையும் இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.