கிதாருக்குப் பக்கத்தில் ஒரு கடம்

நீள் தட்டுகள்: தொடர் கட்டுரை, பகுதி 11

புரோகிரசிவ் ராக் ஆல்பங்களில் சிறந்த பத்தைச் சொல்லுங்கள் என்று நீண்டகால ரசிகர்களைக் கேட்டால் அநேகமாக ஒரே பட்டியல்தான் கிடைக்கும். கிங் கிரிம்சனின் 1969 முதல் தட்டு, யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்', ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்', ஜெனிசிஸின் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்டு', பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. மீதி ஐந்து இடங்களுக்கு மட்டும் சண்டை நடக்கும். அந்த ஐந்தில் ஒன்றுக்குத் தமிழர்கள் கை வைத்த ஓர் ஆல்பம் உரிமை கோர வேண்டும் என்பதே இந்த வாரக் கட்சி. கடைக்காரர்கள் அதை ஜாஸ் அடுக்கில் வைத்தார்கள், பிறகு உலக இசை அடுக்குக்கு மாற்றினார்கள். ராக் அடுக்கில் வைத்தவர்கள் மிகக் குறைவு.

அந்த ஆல்பத்துக்குப் போகுமுன், இந்த இசை எதற்காக ஏங்கியது என்று பார்த்துவிடலாம். 1960களின் இறுதியில் பிரிட்டிஷ் ராக் குழுக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. நீளம் வேண்டியிருந்தது, நாலு நாலாக எண்ணாத தாளம் வேண்டியிருந்தது, உட்கார்ந்து கேட்கும் சபை வேண்டியிருந்தது. 1972 மார்ச்சில் வந்த 'திக் அஸ் எ பிரிக்' தட்டில் இருப்பது ஒரே பாட்டு. ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும் அது, தட்டைத் திருப்பிப் போடுவதற்காக மட்டும் நடுவில் நிற்கும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' முதல் பக்கம் முழுவதையும் ஒரே உருப்படிக்குக் கொடுத்தது. பிங்க் ஃபிளாய்ட் 'மணி' பாட்டை ஏழு எண்ணிக்கையில் நடக்க விட்டது. ஜெத்ரோ டல் அதற்கும் முன்பே 'லிவிங் இன் தி பாஸ்ட்' பாட்டை ஐந்தில் போட்டு விற்றும் காட்டியிருந்தது.

ஐந்தும் ஏழும் லண்டன் ரசிகருக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். மாரியம்மன் கோவில் திருவிழாவில் தவில்காரர் கையைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைக்கு அவை பழைய உறவு. கண்டம், மிஸ்ரம் என்ற பெயர்கள் தெரியாவிட்டாலும் உடம்புக்குக் கணக்கு தெரியும்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்த மலேசிய ஊர்களில் ஒன்று சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே பழைய கூட்டரசு சாலையில் இருக்கிற சிறு பட்டணம். முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை என்று பயிர் மாறிய தென் செபராங் பிறையின் நடுவில் கிடக்கிறது. பினாங்குப் பாலம் 1985ல் திறக்கும் வரை, ஜார்ஜ்டவுனுக்குப் போய் இசைத்தட்டு வாங்க நினைக்கும் இங்குள்ள இளைஞர் பட்டர்வொர்த் வரை பேருந்தில் போய்ப் பெர்ரி ஏற வேண்டும். திரும்பி வரவும் அதே பாடு. அப்படி வாங்கி வந்த தட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு மூலையில் போட மனம் வராது. முதலில் பிடிக்காத பாட்டும் பத்தாவது தடவையில் திறந்துகொள்ளும். புரோகிரசிவ் ராக் இப்படிக் கேட்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட இசை. தோட்டப்புறத்து ரசிகருக்கு அது வாய்த்ததில் ஆச்சரியமில்லை.

இனி ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த இந்தக் கிதார் கலைஞர், மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ' ஆல்பத்தில் வாசித்துவிட்டு 1971ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் அவருக்குச் சூட்டிய பெயர். பில்லி காபமின் டிரம்ஸ், யான் ஹாமரின் கீபோர்டு, ரிக் லேர்டின் பேஸ், ஜெர்ரி குட்மனின் வயலின். முதல் ஆல்பம் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்' அதே ஆண்டில் வந்தது. இரண்டாவதான 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' 1973ல். இந்த இரண்டாவதன் தலைப்புப் பாட்டு பதினெட்டு எண்ணிக்கைச் சுற்றில் ஓடுகிறது. கேட்கும்போது எண்ண நேரம் கிடைக்காது, அவ்வளவு வேகம்.

இரண்டில் முதலாவதே மேல். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அதிகம் விற்றது, அதிகம் மெருகேறியது, உண்மைதான். ஆனால் முதல் தட்டில் ஐந்து பேரும் ஒருவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் விளிம்பில் நின்று வாசிக்கிறார்கள். மூன்றாவது ஸ்டூடியோ ஆல்பமாக 1974ல் வந்த 'அப்போகலிப்ஸ்' பெரிய சறுக்கல். பீட்டில்ஸ் ஆல்பங்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பு, லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா, மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்துநர். இத்தனை பெரிய பெயர்கள் சேர்ந்தும் குழுவின் துடிப்பு சிம்பனியின் அடியில் அமுங்கிவிட்டது. புரோகிரசிவ் ராக் முழுவதையும் பிடித்த நோய் இதுதான். சேர்த்துக்கொண்டே போனார்கள். எமர்சன், லேக் அண்ட் பாமர் 1977ல் இரட்டைத் தட்டாக வெளியிட்ட 'வொர்க்ஸ்' வரைக்கும் அந்தச் சுமை ஏறியது.

மெக்லாஃப்லின் அதற்குள் வேறு வழியில் திரும்பியிருந்தார். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது கர்நாடக இசை கற்பிக்கப்பட்டு வந்தது. அங்கு டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். மேடையில் இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிதாரைப் பிளிறவைத்த மனிதர், உட்கார்ந்து சரளி வரிசையிலிருந்து தொடங்கும் இசைக்கு மாணவரானார். அதன் தடயம் வாத்தியத்திலேயே தெரிந்தது. அவருக்காகச் செய்யப்பட்ட அக்கூஸ்டிக் கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணைபோலத் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிக்க அந்தப் பள்ளம் உதவும். குறுக்கே தனியாகச் சுருதித் தந்திகளும் ஓடின.

அதே வெஸ்லியனில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் வயலின் கலைஞர் எல். சங்கர். 1950ல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்ததால் இளமை அங்கே கழிந்தது. 1958 இனக்கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குத் திரும்ப வைத்தது. மூன்று அண்ணன் தம்பிகளும் வயலின்காரர்கள். மூத்தவர் எல். வைத்தியநாதனை 'ஏழாவது மனிதன்' படத்தின் இசையமைப்பாளராகத் தமிழர்கள் அறிவார்கள். நடுவிலவர் எல். சுப்பிரமணியம், 1974ல் ஜார்ஜ் ஹாரிசனின் வட அமெரிக்கப் பயணத்தில் ரவிசங்கர் குழுவோடு மேடையேறியவர். இளையவரான சங்கர்தான் ராக் உலகத்துக்குள் ஆழமாகப் போனார்.

மெக்லாஃப்லின், சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் ராம்நாட் வி. ராகவன், கடத்தில் டி.எச். விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் சக்தி. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அப்படியே பதிவாகி, 1976ல் 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்' என்று வெளிவந்தது. இந்தக் கட்டுரை இடம் கேட்பது இந்த ஆல்பத்துக்குத்தான்.

அதில் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தைத் திறக்கும் 'ஜாய்' பதினெட்டு நிமிடம். தொடக்கமே ஓட்டம்தான். கிதாரும் வயலினும் ஒரே சொற்கட்டை ஒன்றாகச் சொல்லிப் பாய்கின்றன, பின்னால் மூன்று தாள வாத்தியங்கள். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, மின்சாரம் என்று சொன்னால் ஒலிவாங்கிக்குப் போவது மட்டும்தான். ஆனாலும் மகாவிஷ்ணுவின் வேகத்தில் ஒரு துளியும் குறையவில்லை. அடுத்து வரும் 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடம்கூட இல்லை, மூச்சு விட்டுக்கொள்ள. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம்.

'குளோஸ் டு தி எட்ஜ்' தன் நீளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டுகிறது. 'திக் அஸ் எ பிரிக்' தன் நீளத்துக்கு ஒரு கற்பனைச் சிறுவன் எழுதிய கவிதையைத் துணைக்கு அழைக்கிறது. இரண்டும் நல்ல ஆல்பங்கள். ஆனால் இரண்டிலும் தையல் தெரியும் இடங்கள் உண்டு. ஒரு பகுதி முடிந்தது, இனி அடுத்தது என்று கேட்பவர் உணரும் இடங்கள். சக்தியின் இரண்டாம் பக்கத்தில் அந்தத் தையல் இல்லை. தனித்தனியே விரிவாக்கம், கேள்வி பதில், தனி ஆவர்த்தனம், எல்லோரும் சேரும் முடிப்பு என்று கச்சேரி பல தலைமுறையாகத் தீட்டிவைத்த ஒழுங்கு அந்த அரை மணி நேரத்தைத் தாங்குகிறது. பிரிட்டிஷ் குழுக்கள் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் தேடிய விடை அது. அதனால்தான் இதை ராக் அடுக்கிலேயே வைத்துக் கேட்க வேண்டும். அதே மனிதர், அதே பசி, அதே பத்தாண்டு. பசி தீர்ந்தது இங்கே.

விக்கு விநாயக்ராமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966ல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர். கர்நாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கு அடுத்த இடம், தனியில் சில நிமிடம், அவ்வளவுதான். சக்தியில் அதே மண்பானை கிதாருக்குச் சமமாக முன்வரிசையில் உட்கார்ந்தது. ராக் கச்சேரிக்கு வந்த கூட்டம் ஒரு பானையின் ஒலிக்கு ஆர்ப்பரித்தது. பின்னாளில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்திலும் அவர் வாசித்தார். உலக இசைக்காகத் தரப்பட்ட முதல் கிராமி அந்த ஆல்பத்துக்கே போனது.

சக்தியின் அடுத்த இரு ஆல்பங்களும் இந்த உயரத்தைத் தொடவில்லை. 1976ல் லண்டனில் பதிவான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' சுத்தமாக ஒலிக்கிறது, ஆனால் ஸ்டூடியோ சுவருக்குள் அந்தக் கல்லூரி மேடையின் சூடு இல்லை. 1977ன் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' உருப்படிகளைச் சுருக்கி வானொலிக்கு ஏற்றதாக்கப் பார்த்தது. நீளம்தான் இவர்கள் பலம் என்று தெரிந்த ரசிகருக்கு அது ஏமாற்றமே. ராகவன் முதல் ஆல்பத்தோடு விலகியதும் ஓர் இழப்பு. மிருதங்கத்தின் அடித்தொப்பி தந்த கனம் பிறகு திரும்பவில்லை.

குழு கலைந்தபின் சங்கர் போன இடங்கள் புரோகிரசிவ் ராக் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. 1978ல் ஃபிராங்க் சப்பாவின் நியூயார்க் கச்சேரிகளில் வாசித்தார். பதின்மூன்று எண்ணிக்கையில் அமைந்து, 'தர்ட்டீன்' என்றே பெயர் பெற்ற உருப்படி அந்த மேடையில் எழுந்தது. அடுத்த ஆண்டு சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைச் சப்பாவே தயாரித்தார். அதில் ஒரு பாட்டை வான் மாரிசன் பாடிப் பதிவும் ஆகிவிட்டது, வெளியிட அனுமதி கிடைக்காமல் வேறு குரலை வைத்து முடித்தார்கள். ஆல்பம் சுமார்தான். வேடிக்கைப் பாட்டுக்கு நடுவே சங்கரின் வில் அனாதையாக நிற்கிறது. ஜெனிசிஸிலிருந்து பிரிந்த பீட்டர் கேப்ரியலோடு சேர்ந்ததுதான் பெரும்பேறு. 1989ல் வந்த 'பேஷன்', மார்ட்டின் ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' படத்துக்கான இசை. நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலுக்கும் பாபா மாலின் குரலுக்கும் நடுவே சங்கரின் பத்துத் தந்தி இரட்டை வயலின் ஒலிக்கிறது. கேப்ரியலின் ஆல்பங்களில் அதுவே தலைசிறந்தது. 'சோ' ஆல்பத்தைச் சொல்பவர்கள் பலர், அவர்கள் 'பேஷன்' தட்டை இருட்டறையில் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு வரட்டும்.

இதே காலத்தில் தமிழிலேயே ஒரு முயற்சி நடந்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986ல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னின்று, தியாகராஜரையும் பாக்கையும் ஒரே தட்டில் சந்திக்க வைத்தது. பாட்டுகளின் தொகுப்பாக இல்லாமல் ஒரு சிந்தனையாக நின்ற தமிழ்நாட்டு ஆல்பங்கள் மிகக் குறைவு. சினிமா எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட சூழலில் அப்படி ஒன்று வந்ததே பெரிது. அந்த வழியில் அவர் இன்னும் பத்து ஆல்பங்கள் செய்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் தீராது.

பினாங்குத் தமிழர் கையிலும் கிதார் ஏறியது. ஜார்ஜ்டவுனின் ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆலிகேட்ஸ் குழு, ஹாங்காங் மேடைகளில் பெயர் எடுத்தது. பிறகு மலாய்ப் பாட்டுக்குத் திரும்பி நாடு முழுவதையும் பிடித்தது. எம். நசீர் அவர்களுக்குப் பல நல்ல பாட்டுகளைத் தந்தார். லோகாவின் குரலில் இருந்த கரகரப்பும் கனிவும் மலேசிய இசையில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 2007 ஜூனில் அவர் மறைந்தபோது மூவினமும் அழுதது. ஆலிகேட்ஸ் குழுவினர் தனிப்பாட்டுகளின் அரசர்கள். ஒரு முழு ஆல்பத்தை ஒரே மூச்சாகக் கட்டும் வேலைக்குச் சந்தை அவர்களை விடவில்லை. டேவிட் ஆறுமுகத்தின் மேடைக் கதைகளையும் பழைய ஒலிப்பதிவு விவரங்களையும் தமிழில் ஒரு நூலாக யாராவது தொகுக்க வேண்டும். தாமதிக்கக் கூடாத வேலை அது.

சக்தி 1990களின் இறுதியில் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் கூடியது. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடும், யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினோடும் சேர்ந்தார்கள். ஸ்ரீநிவாஸ் 2014ல் இளவயதிலேயே போய்விட்டார். 2023ல் வந்த 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். அந்த ஆல்பம் அழகானது, ஆனால் விருதை முன்னிட்டு அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

புதிதாகக் கேட்க வருபவர்கள் முதலில் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்', பிறகு 1976ன் சக்தி, மூன்றாவதாக 'பேஷன்' என்ற வரிசையில் போகலாம். இன்று மூன்றும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. சக்தியின் இரண்டாம் பக்கத்தை மட்டும் நடுவில் நிறுத்தாமல், அரை மணி நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். அடுத்த வாரம், கிங் கிரிம்சன் 1969க்கும் 1974க்கும் இடையே வெளியிட்ட ஏழு ஸ்டூடியோ ஆல்பங்கள்.