கொல்கத்தாவின் இசை இரவுகள்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள், போன இடங்களில் இரண்டு காரியங்களைப் பெரும்பாலும் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் அமைப்பார்கள். தங்களுக்கு ஒரு சங்கீத சபை நிறுவுவார்கள். மும்பையின் ஷண்முகானந்த சபையும், தில்லியின் கர்நாடக சங்கீத சபையும், கொல்கத்தாவின் ரசிக ரஞ்சன சபையும் இவ்வாறு தோன்றியவையே. ஊர் விட்டு ஊர் வந்தும் சங்கீதத்தை விடாதவர்கள் நாம் என்பதற்கு இவை சாட்சி.

ஆயினும், குடியேறிய ஊரின் சங்கீதத்தோடு நாம் எவ்வளவு உறவு கொண்டிருக்கிறோம்? அடுத்த வீதியில் ஒரு பெரிய உஸ்தாத் பாடுகிறார் என்று கேள்விப்பட்டாலும், 'அது ஹிந்துஸ்தானி. ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் பாடுவார்கள். நமக்குப் பழக்கமில்லை' என்று சொல்லி இருந்துவிடுகிறோம். இந்தத் தயக்கம் தேவையற்றது என்பதோடு, அதனால் நாம் இழப்பது மிகப் பெரிது என்பதும் நம் கருத்து. கொல்கத்தாவின் குளிர்கால இசை இரவுகளை முன்னிட்டு இதைச் சற்று ஆராய்வோம்.

கொல்கத்தா சங்கீத நகரமானதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா, 1856-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் அரசு பறிக்கப்பட்டு, கல்கத்தாவின் மட்டியா புருஜ் பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1887-இல் காலமாகும் வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். லக்னோவின் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நாட்டியக்காரர்களும் அவரைப் பின்பற்றி வந்தார்கள். தும்ரி என்னும் பாடல் வகை வங்காளத்தில் வேரூன்றியதற்கு அவருடைய சபை ஒரு முக்கிய காரணம். பின்னர் ஜமீன்தார்களின் மாளிகைகள் வித்வான்களைப் போஷித்தன. 1934-இல் அகில வங்க சங்கீத மாநாட்டை மகாகவி ரவீந்திரநாத் தாகூர் தொடங்கி வைத்தார். ஜமீன்தாரி முறை மறைந்தபோது, மாளிகைக் கூடத்தில் இருந்த சங்கீதம் பொதுமக்களின் பந்தலுக்கு வந்தது. சென்னையிலும் இதே காலத்தில், அரசர்களும் ஆலயங்களும் ஆதரித்த கலையைச் சபைகள் ஏற்றுக்கொண்டன அல்லவா? சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் நிறுவப்பட்டதை நாம் அறிவோம். இரு நகரங்களும் ஒரே பாதையில் நடந்தவையே.

அவ்வாறு தெருப் பந்தலில் பிறந்த விழாக்களுள் தலையாயது டோவர் லேன் சங்கீத மாநாடு. தென் கல்கத்தாவில் டோவர் லேன் என்னும் தெருவின் பெயரால் 1952-இல் தொடங்கியது அது. அதே ஆண்டில்தான் அகில இந்திய வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சியும் தொடங்கியது. இப்போது இம்மாநாடு ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில், கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் பெயர் தாங்கிய நஸ்ருல் மஞ்ச் அரங்கில் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் ஜனவரி மாதம் 22 முதல் 25 வரை, நான்கு இரவுகள் நடப்பது வழக்கம். முன்னிரவில் தொடங்கும் கச்சேரி பொழுது விடியும்வரை நீளும். தமிழர் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து இந்த அரங்கம் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

விழாக்கள் குளிர்காலத்தில் கூடுவதற்கும் காரணம் உண்டு. வங்காளத்து மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் தபலாவின் தோல் தளரும். தந்திகள் சுருதியில் நில்லா. மழை ஓய்ந்து, துர்கா பூஜையும் முடிந்தபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாத்தியத்துக்கும் இதமான காலம், ரசிகர்களுக்கும் இதமான காலம். நகரின் பெரிய விழாக்கள் பலவும் இம்மாதங்களிலேயே நடக்கின்றன.

இனி, இரவு முழுதும் ஏன் பாடவேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் உரிய வேளை உண்டு. ஒரு நாளை மூன்று மணி நேரம் கொண்ட எட்டு யாமங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றைப் 'பிரஹர்' என்பார்கள். முன்னிரவில் யமன், பூபாலி, ஒன்பது மணிக்குமேல் பிஹாக், கேதார், ஜெய்ஜெய்வந்தி, நள்ளிரவில் மால்கௌன்ஸ், தர்பாரி கானடா, விடியலுக்கு முன் ஸோஹினி, லலித், விடிந்ததும் பைரவ். நிறைவாகப் பெரும்பாலும் பைரவி. மாலைக் கச்சேரியோடு வீடு திரும்புகிறவர், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் உரிய ராகங்களை அவற்றுக்குரிய வேளையில் மேடையில் கேட்க வாய்ப்பே இல்லை. இசை இரவின் அருமை இதுதான்.

இதில் ஒரு நுட்பத்தை நம் சங்கீத மொழியிலேயே விளக்கலாம். மாயாமாளவகௌளை நாம் பிள்ளைகளுக்கு முதற்பாடமாகச் சொல்லித்தரும் ராகம். அதன் ஸ்வரங்களைக் கொண்டதே வடக்கின் பைரவ். அது காலை ராகம். அதில் சுத்த மத்யமத்தை நீக்கிப் பிரதி மத்யமத்தை வைத்தால் நமக்குப் பந்துவராளி கிடைக்கிறது. அந்த ஸ்வரங்களைக் கொண்ட வடக்கின் பூரியா தனாஸ்ரீ மாலை ராகம். ஆக, மற்ற ஸ்வரங்கள் அப்படியே இருக்க, மத்யமம் ஒன்று மாறியதும் விடியல் அந்தியாகிறது. இரண்டு மத்யமங்களையும் அடுத்தடுத்துத் தொடும் லலித், இருளும் ஒளியும் கலக்கும் வைகறைக்கு முன் வருகிறது. மத்யமம் பொழுதைக் காட்டும் இந்த முறையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் பண்டித விஷ்ணு நாராயண் பாத்கண்டே. அவர் 1860 முதல் 1936 வரை வாழ்ந்தவர்.

வேளைக்கு ஒரு ராகம் என்னும் கொள்கை தமிழருக்குப் புதியதன்று. தேவாரப் பண்களை நம் முன்னோர் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று வகுத்தார்கள். புறநீர்மை பகற்பண், மேகராகக்குறிஞ்சி இராப்பண், செவ்வழி பொதுப்பண். நாகஸ்வர வித்வான்கள் கோயிலில் காலைக்குப் பூபாளமும் பௌளியும், இரவுக்கு நீலாம்பரியும் வாசிக்கும் மரபைக் காத்துவந்தார்கள். திருவிழாக்களில் சுவாமி புறப்பாட்டின்போது இரவு முழுதும் நின்று நாகஸ்வரம் கேட்ட பரம்பரை நம்முடையது. சபைக் கச்சேரி மாலை நேரத்துக்குள் அடங்கிய பின்னரே நாம் வேளைக் கணக்கை ஏறக்குறைய மறந்தோம். நாம் நழுவவிட்ட ஒன்றை வடக்கே இன்னும் போற்றுகிறார்கள்.

கொடுக்கல் வாங்கலும் இரு புறமும் உண்டு. காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர், த்விஜாவந்தி, ஹமீர் கல்யாணி போன்ற ராகங்களில் கிருதிகள் இயற்றினார். அவருடைய தந்தை ராமஸ்வாமி தீக்ஷிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஹம்ஸத்வனியை வடநாட்டார் இன்று தம்முடையதாகவே பாடுகிறார்கள். கீரவாணியும் சாருகேசியும் அவ்வாறே வடக்கே சென்றன. கிரானா பரம்பரையின் பெரும் பாடகர் அப்துல் கரீம் கான் கர்நாடக சங்கீதத்தை விரும்பிக் கற்றவர். அவர் 1937-இல் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், செங்கற்பட்டுக்கு அருகில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அவர் நம் சங்கீதத்தைத் தேடி வந்தது போல, நாமும் ஓர் இரவேனும் அவர்கள் சங்கீதத்தைத் தேடிப் போகலாமே!

முதன்முதலாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள் உதவும். நம் கச்சேரியில் இரண்டரை மணி நேரத்துக்குள் வர்ணம், கிருதிகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா என்று பல உருப்படிகள் வரும். அங்கே ஒருவர் தமக்குரிய நேரத்தில் இரண்டு மூன்று ராகங்களையே எடுத்துக்கொள்வார். வாய்ப்பாட்டாயின், மிக மெதுவாக நடக்கும் பெரிய கயாலில் தொடங்கி, விரைந்த சின்ன கயாலில் முடிப்பார். சிதார் அல்லது சரோத் ஆயின், முதலில் தாளமற்ற ஆலாபம்; பிறகு நம் தானத்தை ஒத்த ஜோட்; பிறகு ஜாலா; அதன் பின்னரே தபலாவுடன் கத். ஆலாபத்தின்போது, பாடகர் ஸட்ஜத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கு எப்போது ஏறுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த ஸ்வரத்துக்காக மனம் ஏங்கத் தொடங்கினால், நீங்கள் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

தாளத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் பாடகர் கையால் தாளம் போடுவார். மிருதங்கம் பாட்டைத் தொடர்ந்து அழகு செய்யும். அங்கே தாளத்தை அறிவிப்பதே தபலாவின் வேலை. ஒவ்வொரு தாளத்துக்கும் 'டேகா' என்னும் நிலையான சொற்கட்டு உண்டு. தீன் தாளத்துக்கு 16 மாத்திரை. ஏக தாளத்துக்கு 12 மாத்திரை. முதல் மாத்திரையை 'ஸம்' என்பார்கள். பாடகரும் தபலாக்காரரும் எங்கெங்கோ சென்று ஒருசேர ஸம்மில் வந்து விழும்போது சபை முழுதும் தலையசைக்கும். அந்தத் தலையசைப்பைப் பார்த்தே தாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ராகப் பெயர்களில் ஏமாறக்கூடாது. நம் மோகனத்தின் ஸ்வரங்கள் அங்கே பூபாலி. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். நம் கல்யாணிக்கு நெருங்கியது யமன். ஆனால் அவர்கள் தோடி என்று சொல்வது நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். நம் தோடியின் ஸ்வரங்களை அவர்கள் பைரவி என்கிறார்கள். ஸ்வரங்கள் ஒன்றாயினும் கமகமும் நடையும் வேறு, உணர்ச்சியும் வேறு. ஹம்ஸானந்தியை நாம் மாலையில் பாடுவோம். ஏறக்குறைய அதே ஸ்வரங்களை ஸோஹினி என்ற பெயரில் பின்னிரவின் கடைசி யாமத்தில் கேட்கும்போது இது விளங்கும்.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. நான்கு இரவுக்கும் சேர்ந்த சீட்டு வாங்க இயலாதவர் ஓர் இரவுக்கு மட்டும் வாங்கலாம். எந்த இரவில் யார் என்னும் விவரத்தை விழாக் குழுவின் அறிவிப்பிலிருந்து முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம். அன்று பகலில் சிறிது உறங்கிவிடுங்கள். இரவு உணவை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பளி அவசியம். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது, வெளியே வந்து ஒரு மண் குவளைத் தேநீர் அருந்தினால் போதும். பலரும் நள்ளிரவுக்குப் பின் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் போய்விடாதீர்கள். இரவின் கடைசி இடம் மூத்த வித்வான் ஒருவருக்குரியதாக இருப்பது பெரும்பாலும் வழக்கம். விடியற்கால ராகமும் அப்போதுதான் வரும்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. உறங்குகிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது தேவையான விதியே. ஆனால் அதன் பயனாக, திறந்த வெளியில் விடிய விடிய நடந்த கச்சேரிகள் நாட்டின் பல பாகங்களில் குறைந்துவிட்டன. பண்டித பீம்ஸேன் ஜோஷி 1953-இல் புனேயில் தொடங்கிய ஸவாய் கந்தர்வ விழாவும் ஒருகாலத்தில் இரவெல்லாம் நடந்ததே. இப்போது அது முன்னிரவோடு முடிகிறது. மூடிய அரங்கில் நடப்பதால் கொல்கத்தாவின் இரவு நிலைத்திருக்கிறது. ஆனால் விதி இடம் கொடுத்தால் மட்டும் போதாது; விழித்திருக்கும் ரசிகர்களும் வேண்டும். நாற்காலிகள் காலியானால், இரவுக்குரிய ராகங்கள் ஒலிப்பதிவில் மட்டுமே எஞ்சும். அவற்றை வேளையறிந்து பாடும் பழக்கம் வித்வான்களிடமும் மெல்ல மறையும்.

பிற ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கும் வாய்ப்புகள் உண்டு. காசியில் ஸங்கட மோசன் ஆலயத்தில், அனுமன் ஜயந்தியை ஒட்டி ஏப்ரல் மாதத்தில், இரவு முழுதும் சங்கீத விழா நடக்கிறது. பஞ்சாபின் ஜலந்தரில் டிசம்பரில் ஹர்பல்லப் விழா. அது 1875 முதல் நடந்துவருகிறது. குவாலியரில் தான்சேன் பெயரால் டிசம்பரில் ஒரு விழா. தில்லியில் 1947-இல் தொடங்கிய சங்கர்லால் விழா. புனேயில், மேலே சொன்ன ஸவாய் கந்தர்வ விழா. நீங்கள் வாழும் நகரின் விழா எது, எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சபையை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சபையில் தேறிய காதோடு போனால், அங்கே கேட்பதும் விரைவில் பிடிபடும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பிறந்து வளரும் ஊர் அது. அந்த ஊரின் சங்கீதமும் அவர்களுடைய உடைமையே. மோகனம் தெரிந்த குழந்தைக்குப் பூபாலியை அறிமுகப்படுத்த அரை நாழிகை போதும்.