தில்லிக் குளிரும் இட்லி மாவும்

டிசம்பர் பிறந்துவிட்டால், தில்லித் தமிழர்கள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். "உங்காத்துல மாவு பொங்கறதா மாமி?" பதிலும் தெரிந்ததுதான். "எங்கே பொங்கறது! அரைச்சு வெச்சது அரைச்சபடியே இருக்கு."

பலர் பிப்ரவரி முடியும்வரை இட்லிக்கு விடுமுறை கொடுத்து விடுகிறார்கள். சிலர் சமையல் சோடாவைக் கலந்து ஒப்பேற்றுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது நல்ல வழியல்ல. சோடாவிலும் சோடியம்தானே இருக்கிறது! விடுமுறையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம் என்பதே பல குளிர்காலங்களை இங்கே கழித்த என் அனுபவம்.

முதலில், மாவு ஏன் பொங்குகிறது என்று பார்ப்போம். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு உண்டு என்று 1965-ல் முகர்ஜி, ஸ்டெய்ன்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் மாவு உப்புகிறது.

இந்த நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்ய 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய உஷ்ணம் வேண்டும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். தில்லியிலோ 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் நுண்ணுயிர் சாவதில்லை. சோம்பிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைக்கிறோம். கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகாமல் காப்பதுதான் அதன் வேலை. மாவு 14 டிகிரியில் இருந்தால், கம்பளிக்குள்ளும் அது 14 டிகிரியிலேயே கிடக்கும். ஆகவே முதலில் மாவைச் சூடாக்க வேண்டும்; பிறகுதான் போர்த்த வேண்டும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. மாடித் தொட்டியின் சில்லென்ற நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் அரிசியையும் உளுந்தையும் ஊற வைக்கிறேன். அரைக்கும்போது 40 டிகிரி அளவிலான வெந்நீரைத் தெளித்து அரைக்கிறேன். கொதிக்கும் நீர் கூடாது, நுண்ணுயிர் மடிந்துவிடும். கரைத்து முடித்தபின் கையை விட்டுப் பார்த்தால் சில்லென்றும் இருக்கக் கூடாது, சுடவும் கூடாது. ஐயமாக இருந்தால் சமையலறைத் தெர்மாமீட்டரால் அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் கணக்கே 32 அல்லது 35 டிகிரியில்தான் தொடங்கும்.

மாவு 30 டிகிரிக்குக் குறைந்திருந்தால், பாத்திரத்தை ஒரு பெரிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிளறுங்கள். பிறகு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையையும் வைத்து மூடுங்கள். படுக்கப் போகுமுன் பையின் நீரை ஒருமுறை மாற்றினால் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். பொங்க இடம் வேண்டுமல்லவா? சாயங்காலம் கரைத்து வைத்தால் காலையில் இட்லி வார்க்கலாம்.

அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு மாவை வைப்பது பழைய தில்லி உபாயம். இன்றைய எல்.ஈ.டி. பல்பில் அந்தச் சூடு வராது. குண்டு பல்பே இருந்தாலும் அதன்மேல் துணி படக்கூடாது, தீப்பிடிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அங்கீட்டி. குளிருக்காகக் கரியைப் பற்ற வைத்து, மாவும் பொங்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மே, ஜூனில் பிரச்சினை தலைகீழ். வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, புளிப்பை மட்டும் கூட்டும் வேறு நுண்ணுயிர்கள் முந்திக்கொள்கின்றன. மாவு நன்றாக உப்புமுன்பே புளித்துவிடும். அப்போது ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். பாத்திரத்தை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் படும்படி விடுங்கள். வறண்ட காற்றில் ஈரம் உலர உலர மாவு குளிரும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியபின் இந்த வித்தை பலிக்காது. மாவு உப்பியதுமே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டியதுதான்.

சமையலறைக் காலண்டரிலேயே ஒரு வாரம் குறித்து வாருங்கள்: கரைத்தபோது எத்தனை டிகிரி, பொங்க எத்தனை மணி நேரம். உங்கள் வீட்டுக்குச் சரியான கணக்கு தானாகவே பிடிபட்டுவிடும்.