பழி கியர் பாக்ஸ் மேல்

பழைய ஜீப்புக்கு வேறு இன்ஜின் ஏற்றிய மறுநாளே ரிவர்ஸ் போட்டால் பல் கடிக்கிறது. ஏற்றத்தில் டாப் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. "கியர் பாக்ஸ் போச்சுண்ணே, வேற ஒண்ணு பாத்துடலாம்" என்று பட்டறையில் தீர்ப்பு வரும். பல வண்டிகளில் இந்தத் தீர்ப்பு தவறு. நேற்றுவரை பழைய இன்ஜினோடு ஒழுங்காக ஓடிய பெட்டி ஒரே இரவில் கெட்டுப்போக வழியில்லை. மாறியது இன்ஜின், அதோடு, அதையும் பெட்டியையும் சேர்க்கும் இணைப்பு. சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் அந்த இணைப்புதான். கொடைக்கானலில் வில்பட்டி, பள்ளங்கி பக்கம் கேரட்டையும் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டையும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும் வண்டிக்கு இது செலவுக் கணக்கோடு நிற்கிற விஷயமல்ல, உயிர்க் கணக்கும் கூட.

இணைப்பு என்று நான் சொல்வது பெல் ஹவுசிங்கையும் அதற்குள் இருப்பவற்றையும். கியர் பாக்ஸிலிருந்து முன்னால் நீளும் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் பல்வரிகளில் நுழைந்து, அதன் நுனி கிராங்கின் பின்பக்கத்தில் உள்ள பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும். கிராங்கின் மையமும் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரே தயாரிப்பில் இதைத் தொழிற்சாலையே பார்த்துக்கொள்கிறது. வேறு இன்ஜினைக் கொண்டுவந்து வைக்கும்போது நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் வருகிறது. அந்தத் தகட்டின் கனம் கூடினால் ஷாஃப்ட்டின் நுனி பைலட் பேரிங்கை எட்டாது. குறைந்தால் நுனி கிராங்கில் போய் முட்டும். போல்ட் ஓட்டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மையம் விலகிவிடும். விலகிய மையத்தோடு இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், கிளட்ச் பிளேட் வினாடிக்கு 50 முறை வளைந்து நிமிர்கிறது. இந்த நிலையில் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினாலும் சில மாதத்தில் அதே கதிதான்.

பெட்டியை இறக்காமலே சில விஷயங்களைப் பிரித்தறியலாம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்தால், பெட்டியின் உள்ளே கியர் மாற்றும் பாகங்கள் அநேகமாக நன்றாக இருக்கின்றன. இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் பல் கடித்தால், கிளட்ச் 'கட்' ஆகவில்லை என்று பொருள். பெடலின் ஓட்டம் போதவில்லையா, பொருத்தும்போது பெட்டியின் பாரம் முழுவதும் கிளட்ச் பிளேட்டில் தொங்கி அது வளைந்ததா, பைலட் பேரிங் இறுகிப் பிடிக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் பெடலை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கும்போதுதான் கேட்கிறது என்றால் ரிலீஸ் பேரிங்கை. கியர் கழல்வதிலும் வித்தியாசம் உண்டு. செகண்ட் மட்டும் கழன்றால் பெட்டிக்குள் பல்லோ ஸ்ப்ரிங்கோ தேய்ந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வது சரி. டாப் மட்டும் கழன்றால் சந்தேகம் மையத்தின் மேல். பழைய பெட்டிகளில் டாப்பில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் நேராகப் பிணைந்து ஒன்றாகச் சுற்றுவதால், மையம் விலகினால் முதலில் அங்கேதான் வெளிப்படும்.

முப்பது வருடமாகக் கைப்பழக்கத்திலேயே இன்ஜின் மாற்றி வருகிறோம், அளவுகோல் எதற்கு என்று கேட்கலாம். கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பெட்டி கையால் தள்ளியே பொருந்த வேண்டும், போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது என்ற பாடமே கைப்பழக்கம் தந்ததுதான். இழுத்துச் சேர்த்ததால் காது உடைந்த ஹவுசிங்குகள் எத்தனையோ. ஆனால் கால் மில்லிமீட்டரைக் கண் அளக்காது. டயல் கேஜின் காந்த அடியை ஃபிளைவீலில் ஒட்டி, முள்ளைப் பெல் ஹவுசிங்கின் நடு வட்டத்தில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் போதும். முள்ளின் மொத்த அசைவு கால் மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முள் காட்டுவது மைய விலகலின் இரு மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அரை மணி நேர வேலை இது. பழைய பெட்டியைக் கழற்றி இன்னொன்றை ஏற்றி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

இன்ஜினையும் பெட்டியையும் ஜோடியாகவே வாங்கிவிட்டால் என்ன என்பது இன்னும் வலுவான கேள்வி. தொழிற்சாலைகளே அப்படிச் செய்ததுண்டு. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு இசுசு பெட்ரோல் இன்ஜின் வந்தபோது, ஸ்டியரிங் கம்பத்தில் இருந்த நான்கு கியர் போய், தரையிலிருந்து நீளும் ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. ஜோடி வாங்கினால் மையச் சிக்கல் பெரும்பாலும் தீரும் என்பது உண்மை. ஆனால் சிக்கல் பின்னால் நகர்கிறது. புரொப்பலர் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் மாறும். நான்கு சக்கர இழுவை ஜீப் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸும் புதிய பெட்டியோடு சேர வேண்டும். மவுண்டிங்கைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். அளக்கும் வேலை அங்கேயும் இருக்கிறது.

மலையில் இணைப்பைச் சரிபார்ப்பது ஏன் கூடுதலாக முக்கியம் என்றால், சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். வத்தலக்குண்டில் இழுத்த வண்டி மேலே வந்து சோர்வதைப் பார்த்து "ரேஷியோ சேரலை" என்று பெட்டியைக் குறை சொல்வதும், இன்னும் பெரிய இன்ஜினைத் தேடுவதும் இதனால்தான். பெரிய இன்ஜின், இணைப்பின் மேல் இன்னும் பெரிய முறுக்கைப் போடுகிறது. இறக்கத்தில் நிலைமை வேறு: மூட்டைகளோடு வரும் வண்டியைப் பாதி பிடித்து நிறுத்துவதே கியர்தான். அந்த நேரத்தில் கியர் கழன்றால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறும்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களை உரிமையாளர் இஷ்டம்போல் மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதனால் இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்து வேலை தொடங்கினால், பெட்டியை ஏற்றுவதற்கு முன் டயல் கேஜின் முள் எவ்வளவு அசைந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.